ஸ்ரீவில்லிபுத்தூர்க் கட்டில்

இதை நான் கதையாகச் சொல்லவில்லை. எனக்கு நடந்தது. தேதி, கிழமை, மணி எல்லாம் சொல்கிறேன். நம்பிக்கை இல்லாதவர்கள் 2024 காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டே படிக்கலாம். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி, நாய் ஊளை, கரண்ட் போவது என்று எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்துபோவீர்கள். இதில் ராத்திரியே கிடையாது. எல்லாம் பட்டப்பகலில், மண்டையைப் பிளக்கிற வெயிலில் நடந்தது. சரியாக மத்தியானம் 3.10க்கு.

என் பெயர் அருள்செல்வி. இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் வேலை. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை ஷிப்ட். நான் ஒரு சந்தேகப் பிராணி. காய்காரர் தராசைத் தொட்டுப் பார்ப்பேன். கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பேன். வாழ்க்கையில் ஒரே ஒரு ஆளைத்தான் சந்தேகப்படாமல் நம்பினேன். அவனைக் கல்யாணம் செய்துகொண்டேன். ஜெர்வின் என்று பெயர்.

குடித்துவிட்டுக் கை நீட்டினான். முதல் தடவை பொறுத்தேன். இரண்டாம் தடவை பொறுக்கவில்லை. 2024 மே மாதம், ஏழு வயது மகள் ஸ்வீட்லினைக் கூட்டிக்கொண்டு, இரண்டே இரண்டு பைகளோடு ஆலங்குளத்து மாமியார் வீட்டிலிருந்து கிளம்பி வந்துவிட்டேன்.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓடாத ஃபேன், உடைந்த மிக்சி, மூடி இல்லாத குக்கர், குக்கர் இல்லாத மூடி, யாரோ எப்போதோ படித்த நோட்டுப் புத்தகம். பரண் முழுக்க அடைசல். ஒன்றையும் தூக்கிப் போட விடமாட்டார்கள். யாராவது பலமாகத் தும்மினால் மேலேயிருந்து ஏதாவது விழும். பத்து வருஷம் அதற்குள் மூச்சு முட்டிக் கிடந்தேன்.

அதனால் இராஜபாளையத்தில் மாடி ரூம் ஒன்று வாடகைக்குப் பிடித்ததும் ஒரு சட்டம் போட்டேன். வீட்டில் அடைசல் கூடாது. ஒரு சாமான் உள்ளே வந்தால் இன்னொன்று வெளியே போக வேண்டும். வாங்குவதெல்லாம் பழைய சாமான்தான். அடுப்பு, டேபிள் ஃபேன், பாப்பா எழுதுகிற சின்ன மேஜை, எல்லாமே யாரோ ஒருத்தர் கைபட்டது. எனக்கு அதில் வெட்கமே கிடையாது. என் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒரு டம்ளர் இடம் மாறினாலும் தெரியும்.

அதனால்தான் இதைக் கண்டுபிடித்தேன். அடைசலான வீடாக இருந்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது.

சர்ச்சில் பாஸ்டர் ஐயா முன்னால் எங்கள் பஞ்சாயத்து நடந்தது. ஜெர்வின் வாயே திறக்கவில்லை. அவனுடைய அக்கா தங்கபாய்தான் பேசினாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. என் பிள்ளைமேல் ரொம்ப நாளாகவே கண்.

"பொட்டப்பிள்ளைய வெறுந்தரையில போட்டு வளக்கப் போறியாட்டி? ஒங்கிட்ட ஒரு கட்டிலு உண்டா?" என்றாள்.

பாஸ்டர் ஐயா யோசித்துவிட்டுச் சொன்னார். ஆகஸ்ட் கடைசியில் எல்லாரும் போய் வீட்டைப் பார்ப்போம். பிள்ளைக்குப் படுக்க, படிக்க வசதி இருந்தால் தாயோடு இருக்கட்டும். இல்லையென்றால் கொஞ்ச காலம் ஆலங்குளத்தில் இருக்கட்டும்.

கொஞ்ச காலமாம். தங்கபாய் கைக்குப் போனது எதுவும் திரும்பி வந்ததில்லை. எனக்கு என் பிள்ளை வேண்டும். அதற்கு ஒரு கட்டில் வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

ஜூலை 6, சனிக்கிழமை. பழைய சாமான் விற்கிற வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு தேக்குக் கட்டில் படம் வந்தது. ஒற்றைக் கட்டில். ஸ்ரீவில்லிபுத்தூர் விலாசம். லீவு சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே போய் நின்றேன்.

விற்றவர் பெயர் பாண்டிச்செல்வம். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒட்ட வெட்டிய முடியைப் பார்த்ததுமே ராணுவம் என்று தெரிந்தது. லீவு முடியப் போகிறதாம், அதற்குள் வீட்டைக் காலி செய்து பூட்டிவிட்டுப் போக வேண்டுமாம். முன்னறை முழுக்கச் சாமான்கள். பீரோ, அண்டா, தையல் மெஷின். நடுவில் அந்தக் கட்டில்.

பழைய சாமான் வாங்க என்னிடம் மூன்று சோதனை உண்டு. தட்டிப் பார்ப்பது, மோந்து பார்ப்பது, கேள்வி கேட்பது. தட்டினேன். நல்ல தேக்கு. மோந்தேன். டெட்டால் வாசனை. சுத்தமாகத் துடைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பலகையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். நடுப்பலகை இளஞ்சூடாக இருந்தது. வெயிலில் கிடந்திருக்கும் என்று நினைத்தேன். அந்த அறைக்குள் வெயிலே வரவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாவது, கேள்வி.

"யாரு கட்டில்ங்க இது?"

"அப்பாவோடது."

"அவிய...?"

அவர் தரையைப் பார்த்தார். "அவியளுக்கு இனிமே கட்டில் தேவைப்படாதுக்கா."

எனக்குப் புரிந்தது. சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டேன். பிள்ளை படுக்கிற கட்டில் இல்லையா?

"தப்பா நெனைக்காதீங்க. இதுல உசுரு போச்சா?"

"இல்லக்கா. எங்க வீட்டுல யாரும் கட்டில்ல சாகுறதில்ல. சத்தியமா இதுல யாரு உசுரும் போகல."

அவர் கண்ணைப் பார்த்தேன். பொய் சொல்கிற கண் எனக்குத் தெரியும். இது பொய் சொல்கிற கண் இல்லை. ஆஸ்பத்திரியில் போயிருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அன்றைக்கு எல்லாவற்றையும் கேட்டேன். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்கவில்லை.

லோடு ஆட்டோ டிரைவர் முத்துப்பாண்டியும் பாண்டிச்செல்வமும் கட்டிலைத் தூக்கினார்கள். அந்த நேரம் உள்ளேயிருந்து ஏதோ முனகல் மாதிரி கேட்டது. பாண்டிச்செல்வம் சட்டென்று திரும்பி உள்கதவைச் சாத்தினார். மாடோ என்னவோ என்று நினைத்தேன். எனக்கு அப்போது கட்டில் கிடைத்த சந்தோஷம். வேறு எதுவும் காதில் ஏறவில்லை.

மதியம் ஒன்றரைக்குக் கட்டில் மாடி ஏறிவிட்டது. சுவரை ஒட்டிப் போட்டேன். ஸ்வீட்லின் ஏறிக் குதித்தாள். அன்றைக்கு ராத்திரி அவளும் நானும் நிம்மதியாகத் தூங்கினோம்.

ஜூலை 7, ஞாயிறு. சர்ச்சுக்குப் போய் வந்து, சாப்பிட்டுப் படுத்திருந்தேன். கீழே தெருக் கேட்டின் கொண்டி சத்தம் கேட்டது. டிங்... யாரோ வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். கேட் மூடியிருந்தது. தெருவில் ஆளே இல்லை. மணி 3.10.

ஜூலை 8, திங்கள். ஷிப்ட் முடிந்து 2.25க்கு வந்தேன். பாப்பாவுக்கு நாலேகாலுக்குத்தான் ஸ்கூல் வேன் வரும். சாப்பிட்டுவிட்டு அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். டிங்... மணி பார்த்தேன். 3.10. கையைத் துடைத்துக்கொண்டு ரூமுக்கு வந்தேன்.

கட்டில் சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி நின்றது. கால்மாட்டுப் பக்கம் வாசலைப் பார்த்துக் கொஞ்சம் திரும்பியிருந்தது.

காலையில் நான்தான் அதைச் சுவரோடு சேர்த்துப் போர்வை விரித்தேன். எனக்கு நன்றாகத் தெரியும். வந்ததும் கவனித்தேனா? கவனிக்கவில்லை. நான் வேலைக்குப் போயிருந்தபோது யாரோ வந்திருக்கிறார்கள்.

யார்? எனக்குச் சந்தேகமே இல்லை. ஜெர்வின்.

அவனுக்கு விலாசம் தெரியும். என்னை மிரட்டி, 'தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது' என்று என் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டால் போதும், பிள்ளை அவன் அக்காவிடம் போய்விடும். அந்த மூளை அவனுக்கு இல்லாவிட்டாலும் தங்கபாய்க்கு உண்டு.

செவ்வாய்க்கிழமை 2.25க்கு வந்ததும் முதலில் கட்டிலைப் பார்த்தேன். சுவரோடு சேர்ந்து சரியாக இருந்தது. அடுக்களைக்குப் போய் இரண்டு தோசை சுட்டேன். டிங்... ஓடிவந்து பார்த்தால் கட்டில் ஒரு சாண் தள்ளி நிற்கிறது. கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது.

உடனே கடைக்குப் போய்ப் புதுப் பூட்டு வாங்கினேன். வாழ்க்கையில் நான் புதுசாக வாங்கிய அபூர்வமான சாமான்களில் அது ஒன்று.

புதன்கிழமையும் அப்படித்தான்.

அடுத்த சந்தேகம் வீட்டுக்காரம்மா மேல். கீழ்வீட்டில் இருக்கிற வெங்கடேஸ்வரியக்கா. தெலுங்கு பேசுகிறவர்கள். நல்ல மனுஷி. காலையில் நான் ஷிப்டுக்குப் போன பிறகு ஸ்வீட்லினைக் கிளப்பி வேனில் ஏற்றிவிடுவதே அந்த அக்காதான். ஆனால் நல்ல மனுஷியாக இருந்தால் மட்டும் சந்தேகப்படக்கூடாதா?

"அக்கா, நான் இல்லாதப்ப மேல யாராச்சும் வாராகளா?"

"லேது அம்மாயி. யாரு வருவா?"

"கேட்டு சத்தம் கேக்குதே, மூணு பத்துக்கு."

"அந்த நேரம் நான் வராண்டாலதான உக்காந்து பூக் கட்டுறேன். கேட்டு எனக்கு எதுக்கதான் இருக்கு. சத்தம் ஒண்ணும் கேக்கலையே," என்றார்கள்.

அந்த அக்காவுக்கும் கேட்காத கொண்டி சத்தம் எனக்கு எப்படிக் கேட்கிறது? அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. யாரோ என்னை வைத்து விளையாடுகிறார்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றிலும் செலோ டேப் ஒட்டினேன். வெளியே இருந்து திறந்தால் கிழிய வேண்டும்.

வியாழன், ஜூலை 11. டேப் ஒன்றுகூடக் கிழியவில்லை. கட்டில் நகர்ந்திருந்தது.

அன்றைக்குத்தான் படிக்கட்டைக் கவனித்தேன். மாடிக்கு வெளிப்படிக்கட்டு, மொத்தம் பதினாறு படி. பக்கத்து மனையில் வீடு கட்டுவதால் படியெல்லாம் எந்நேரமும் மணல் தூசி. அந்தத் தூசியில் ஒரு தடம் இருந்தது. கால் தடம் இல்லை. அகலமான தடம், ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்த மாதிரி. கீழ்ப்படியில் தொடங்கி நாலாவது படியில் நின்றுவிட்டது. திரும்பி இறங்கிய தடம் இல்லை.

அதைக் கூட்டிப் பெருக்கித் தள்ளினேன்.

வெள்ளிக்கிழமை தடம் ஒன்பதாவது படி வரை வந்திருந்தது.

சனிக்கிழமை பதினாறாவது படி வரை.

ஞாயிறு மதியம், வாசல் நிலைப்படிக்கு வெளியே. மிதியடி ஒதுங்கிக் கிடந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. ஜெர்வினுக்குப் போன் போட்டேன்.

"தெனமும் வந்து என்னத்தல இழுத்துட்டுப் போற? போலீஸ்ல சொல்லிப்போடுவேன்."

"நான் தூத்துக்குடில லாரி ஷெட்டுல கெடக்கேன். ரெண்டு வாரமாச்சு. ஒனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

போனை வைத்துவிட்டேன். அவன் சொல்வதை நான் நம்புவேனா? பத்து வருஷம் 'குடிக்கவில்லை' என்று சொன்ன அதே வாய்தானே.

அன்று சாயங்காலம் ஸ்வீட்லின் சொன்னாள். "அம்மா, கட்டில்ல தலகாணி ஈரமா இருக்கு." தொட்டுப் பார்த்தேன். ஒரு ஓரம் மட்டும் நனைந்திருந்தது. வாயில் எச்சில் வடியத் தூங்கினால் நனையுமே, அந்த மாதிரி. பாப்பா அன்று கட்டிலில் படுக்கவே இல்லை. டெட்டால் வாசனை வந்தது. நான் டெட்டால் வாங்குவதே இல்லை.

நீங்கள் கேட்கலாம். அந்தக் கட்டிலை அப்போதே தூக்கிப் போட வேண்டியதுதானே? கட்டில் போனால் பிள்ளை போகும். ஆகஸ்ட் கடைசிக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது. அதுவுமில்லாமல் ஜெர்வின் செய்கிற வேலைக்காக நான் ஏன் நல்ல தேக்குக் கட்டிலை இழக்க வேண்டும்? அப்படித்தான் வீம்பு பிடித்தேன்.

திங்கட்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பிள்ளையைக் கீழே அக்கா வீட்டில் விட்டுவிட்டு, தரை முழுக்கப் பாப்பாவின் பவுடரைத் தூவிவிட்டுப் போனேன். எவன் வந்தாலும் கால் பதியும்.

2.25க்கு வந்தேன். பவுடர் அப்படியே இருந்தது. வாசலிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். 3.10க்குக் கொண்டி சத்தம் கேட்டது. எட்டிக் கீழே பார்த்தேன். யாருமில்லை. திரும்பி உள்ளே பார்த்தேன்.

பவுடரில் தடம் விழுந்திருந்தது. நிலைப்படியிலிருந்து மூன்றடி உள்ளே வரை. நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. தடத்துக்கு இடதுபக்கம், ஒரு உள்ளங்கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் தெளிவாக. வலதுபக்கம் கை இல்லை. வெறும் இழுப்பு மட்டும்.

பெரிய கை. ஜெர்வினுக்குக் கை சின்னது.

அப்போதுதான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

செவ்வாய்க்கிழமை அந்தத் தடம் கட்டிலுக்கு இரண்டடி தூரத்தில் நின்றது.

ஜூலை 17, புதன்கிழமை. மொஹரம். ஸ்கூல் லீவு. எங்கள் கம்பெனிக்கு லீவு இல்லை. ஸ்வீட்லினை வெங்கடேஸ்வரியக்காவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தேன். 2.25க்கு வந்தேன். 'இன்றைக்குக் கீழேயே இருக்கட்டும் அக்கா' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த அக்கா சேலை மாற்றி, பை எடுத்து, ஏதோ விசேஷத்துக்குக் கிளம்பி நின்றார்கள். பிள்ளையைக் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மாடிக்கு வந்தோம். கதவைத் தாழ் போட்டேன். ஜன்னலைச் சாத்தினேன். பாப்பா சாப்பிட்டாள். சாப்பிட்டதும் தூக்கம் சொக்கியது. நான் தட்டைக் கழுவிவிட்டு வருவதற்குள் கட்டிலில் ஏறி, நட்டநடுவில் கையைக் காலை விரித்துத் தூங்கிவிட்டாள்.

எழுப்பலாமா என்று யோசித்தேன். நான் இங்கேதானே இருக்கிறேன், கதவு தாழ் போட்டிருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

பவுடரைத் தூவினேன். பூரிக்கட்டையை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். இன்றைக்கு ஜெர்வின் மட்டும் வரட்டும், மண்டையைப் பிளக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது அவனாக இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. என் வாழ்க்கையில் அவன் வர வேண்டும் என்று நான் கடைசியாக ஆசைப்பட்டது அன்றைக்குத்தான்.

3.06க்கு அவனுக்கு வீடியோ கால் போட்டேன். இந்த ஊரில் நின்றுகொண்டிருந்தால் காட்டிக்கொடுத்துவிடுமே.

எடுத்தான். பின்னால் லாரி. கையில் ஸ்பேனர். முகமெல்லாம் கிரீஸ். பக்கத்தில் யாரோ "ஜெர்வினு, ஜாக்கியக் கொண்டால" என்று கத்துகிறார்கள். தூரத்தில் கப்பல் சங்கு.

"என்னட்டி?" என்றான்.

கட் பண்ணிவிட்டேன். அவன் தூத்துக்குடியில்தான் இருக்கிறான்.

அப்படியென்றால்... வருவது யார்?

மணி 3.08.

3.09.

டிங்...

கீழ்ப்படியில் சத்தம். இத்தனை நாளில் இந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

சர்ர்ர்... தட்.

சர்ர்ர்... தட்.

இழுப்பது ஒன்று. கையை ஊன்றுவது ஒன்று. எண்ணினேன். எட்டு... ஒன்பது... நடுவில் நின்றது. மூச்சு வாங்குகிற சத்தம். மறுபடி தொடங்கியது. பதினைந்து... பதினாறு.

கதவுக்கு வெளியே வந்தது.

கதவு திறக்கவில்லை. தாழ் அசையவில்லை.

சர்ர்ர்...

சத்தம் உள்ளே கேட்டது.

தரையில் பவுடர் தானாக விலகியது. அகலமாக. மெதுவாக. இடதுபக்கம் ஒரு கை விழுந்தது. எடுத்தது. இன்னும் கொஞ்சம் முன்னால் விழுந்தது. கையை நான் பார்க்கவில்லை. அது விழுந்த இடத்தை மட்டும் பார்த்தேன்.

என் காலுக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

கட்டிலைப் பார்த்துப் போனது.

அடிக்கலாம் என்று கையை ஓங்கினேன், கையில் ஒன்றும் இல்லை. பூரிக்கட்டை விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

கட்டில் சட்டம் 'க்ரீச்' என்றது. யாரோ பிடித்து ஏறுகிற மாதிரி.

அப்போது ஸ்வீட்லின் அசைந்தாள். கண் திறக்கவில்லை. நல்ல தூக்கம். கையைக் காலைச் சுருக்கினாள். உருண்டு, சுவரோரமாக ஒதுங்கினாள்.

பாதிக் கட்டிலைக் காலியாக விட்டாள்.

ராத்திரியில் நான் வந்து படுக்கும்போது எனக்கு இடம் விடுவாளே, அதே மாதிரி.

காலியான இடத்தில் போர்வை அமுங்கியது.

தலையணை பள்ளமானது.

ஒரு பெருமூச்சு கேட்டது. "ஹா...ஆ..."

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெளிவாக ஞாபகம் இல்லை. கட்டிலின் கால்மாட்டு வழியாக ஏறிப் பிள்ளையை வாரி எடுத்தேன். தாழை எப்படித் திறந்தேன் என்று தெரியாது. கீழே வராண்டாவில் வந்து விழுந்தபோது போனில் மணி 3.15.

"என்னம்மா?" என்று கண்ணைக் கசக்கினாள் ஸ்வீட்லின். நான் அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். வெங்கடேஸ்வரியக்கா வரும்வரை இரண்டு பேரும் அந்த வராண்டாவிலேயே இருந்தோம்.

மறுநாள் வியாழன். முத்துப்பாண்டியின் லோடு ஆட்டோவில் அந்தக் கட்டிலை ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பணம் திரும்ப வேண்டாம். கட்டிலை வாங்கிக்கொண்டால் போதும்.

வீட்டு வாசலில் பந்தல். பிளாஸ்டிக் நாற்காலிகள். தெருவெல்லாம் பூ. ஆண்கள் எல்லாரும் மயானத்துக்குப் போயிருந்தார்கள். சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. வெள்ளை மீசை வைத்த பெரியவர் படம். பெயர் சேதுபதி. முத்துப்பாண்டி வாய்விட்டுப் படித்தார்.

"மறைவு, பதினேழு ஏழு இருபத்தினாலு... நேத்துல்லா செத்திருக்காவ. அப்போ நாம கட்டில எடுத்துட்டுப் போனப்ப..."

"எறக்குங்க," என்றேன். கட்டிலைச் சுவரோரம் இறக்கி வைத்துவிட்டு அந்த நிமிஷமே கிளம்பிவிட்டோம். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு அம்மாள் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் 31. பாஸ்டர் ஐயாவும் தங்கபாயும் வந்தார்கள். நான் ஒரு மாதம் இரண்டு ஷிப்ட் பார்த்து ஒரு இரும்புக் கட்டில் வாங்கியிருந்தேன். கடைக் கட்டில். பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை. தங்கபாய் தட்டிப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள், குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. பிள்ளை என்னோடுதான் என்று பாஸ்டர் ஐயா சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கட்டிலில் ஸ்வீட்லின் சுவரோரமாகத்தான் படுத்தாள். "நடுவுல படுட்டி, இடம் கெடக்குல்லா" என்று சொன்னால் கேட்பதில்லை. பழக்கமாகிவிட்டது போல என்று விட்டுவிட்டேன்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய சைக்கிள் ஒன்று விலைக்கு வந்தது. பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீங்க அந்தக் கட்டில்காரிதான?"

அன்றைக்குப் பக்கத்து வீட்டு வாசலில் நின்று பார்த்தவர். வெள்ளத்தாய் என்று பெயர் சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

சேதுபதி ஐயாவுக்குப் பக்கவாதம். வலதுபக்கம் விழுந்துவிட்டது. ஜூலை ஆறாம் தேதி காலையில், ரெண்டு நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிலில் உயிர் போகக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். போனால் அந்தக் கட்டிலை யாரும் தொட மாட்டார்கள். அதனால் அப்போதே தூக்கித் தரையில் கிடத்திவிட்டார்கள். மகனுக்கு லீவு முடியப் போகிறது. அன்றைக்கே கட்டிலையும் விற்றுவிட்டார்.

"ஆனா உசுரு போவலியே," என்றார் வெள்ளத்தாய். "பதினோரு நாளு. எல்லாரும் சாப்ட்டுக் கண்ணசருற நேரம், மூணு மணிக்கு மேல, அந்த மனுசன் ஒத்தக் கைய ஊன்றித் தரையில இழுத்துக்கிட்டே போவாரு. எங்கய்யா போறீகன்னு கேட்டா, 'எங் கட்டிலுக்கு'ம்பாரு. தூக்கியாந்து போடுவாக. மறுநாளும் போவாரு."

வெள்ளத்தாய் இன்னும் கிட்டே வந்தார்.

"கடைசி நாளு நான் பக்கத்துலதான் இருந்தேன். மூணேகாலு இருக்கும். மொகம் அப்பிடித் தெளிஞ்சிருச்சு. நல்லா படுத்துக்கிட்ட மாதிரி ஒரு மூச்சு விட்டாரு. அதுக்கு முன்னால தெளிவா ஒரு வார்த்த சொன்னாரு. 'பாப்பா, தாத்தாவுக்குக் கொஞ்சம் தள்ளிப் படும்மா'ன்னு. அதாம்மா எனக்கு இன்னமும் வெளங்கல. அந்த வீட்டுல பாப்பாவே கெடையாது."

ஸ்வீட்லின் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள். தெருவில் போகிற ஆட்டைப் பார்த்தால்கூட 'அது யாரோட ஆடு, எங்க போகுது' என்று குடைந்து எடுக்கிற பிள்ளை. வெள்ளத்தாய் சொன்னது முழுவதையும் கேட்டாள். எந்தத் தாத்தா என்று அவள் கேட்கவே இல்லை.